தேவாலா, மூடிய சுரங்கம்

அல்வாரோ,
இது நான் உனக்கு வைத்த பெயர்.
மகளின் வரலாற்றுப் புத்தகத்தில்
இரும்புத் தொப்பியோடு நிற்கிறாய்.
கீழே 'ஸ்பானியப் படைவீரன்' என்று மட்டும்.
பந்தாட்டக்காரன் ஒருவனின் பெயர் ஞாபகம் வந்தது,
எடுத்துக் கொடுத்தேன்.

பன்றி மேய்த்திருப்பாய், கடன் இருந்திருக்கும்.
கடல் தாண்டினவர்கள்தான் நாங்களும்:
கண்டிக்குப் போய், கப்பலில் திரும்பி,
தேயிலைக்கென்று இந்த மலையில் இறக்கிவிடப்பட்டோம்.

கொழுந்து கிலோ பன்னிரண்டுக்கு விழுந்த மாதம்
வெள்ளைக்காரன் தோண்டிப் போட்ட குழிக்குள்
இறங்கினேன். செல்லையன் கயிறு பிடித்தான்.
இடுப்பளவு தண்ணீர், வௌவால் நாற்றம்.
ஒரு மூட்டைக் கல்லை இடித்து
பாதரசம் விட்டுப் பிசைந்து
வேட்டித் துணியில் பிழிந்து காய்ச்சினால்
மிளகில் பாதி.
அதற்கே கை நடுங்குகிறது.
உங்களுக்கு ஓர் அறை நிறையக் கொடுத்தார்களாமே,
எப்படித் தூங்கினாய்?

ஆளோடிப் போன ஊர்களின் முன்னால்
உன் தலைவன் சாசனம் வாசித்தானாம்,
இந்த மண் இனி எங்கள் அரசனுக்கு என்று.
மரங்கள் கேட்டனவாம்.
மகள் படித்துவிட்டுச் சிரித்தாள்.

குழிவாயில் பலாமரத்தில்
வனத்துறை நோட்டீஸ், ஆணியடித்து.
அதனடியில் பணியர் காலனி மாதன்
கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தான்.
"என்ன எழுதியிருக்கு?"
வாசித்தேன்: அத்துமீறி நுழைவோர்...
"யாரைச் சொல்றான்?
உன்னையா, என்னையா?"

மழை பிடித்துக்கொண்டது.
கிழங்கைப் பிட்டு நீட்டினான்,
சாம்பலை ஊதிவிட்டு.
வாங்கிக்கொண்டேன், அல்வாரோ.
உனக்கும் முதலில்
யாரோ இப்படித்தான் நீட்டியிருப்பான்.