குளிசை பேசுது

வீட்டுக்கு வந்த முதல் கிழமை நான் தூங்கவே இல்லை.
இரவு மூன்று மணி. கடைசித் தொங்குரயிலும் போய்விட,
கீழே வூப்பர் ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருக்க,
நான் கரண்டிகளையெல்லாம் நீளப்படி அடுக்கினேன்.
பிறகு திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்தேன்.
பிறகு எஸ்ஸன் ஆஸ்பத்திரிக்குப் பதினொரு பக்கக் கடிதம்,
அவர்களுடைய சாப்பாட்டுப் பட்டியலைத் திருத்தி,
எனக்கு வராத ஜெர்மனில்.

சந்தோஷம் என்றுதான் நினைத்தேன்.
எட்டு வருஷ டயாலிசிஸ் முடிந்தவள்
கொஞ்சம் துள்ளக் கூடாதா?

மூன்றாம் கிழமை, மேல்மாடிக் கிழவர்
தண்ணீர்க் குழாய் வழியே
என் புதுச் சிறுநீரகத்தை ஒட்டுக்கேட்பதாகத் தோன்றியது.
தோன்றியது என்று இப்போது எழுதுகிறேன்.
அன்றைக்கு அது தெரிந்த விஷயம்.
குழாயைத் துவாயால் சுற்றிக் கட்டினேன்.

டொக்டர் ஹென்ஸ்கே தாளில் படிக்கட்டு ஒன்று கீறினார்.
பிரெட்னிசோலோன், மேலிருந்து கீழே.
"இது நீங்கள் இல்லை, மருந்து."
தாளை வாங்கினேன், தாள் நடுங்கியது.
"அது டக்ரோலிமஸ்."
அழுகை இதனுடையது, நடுக்கம் அதனுடையது,
அப்ப என்ர எது, என்று கேட்டேன்.
மொழிபெயர்க்க வந்த பெடியன்
அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

தவநேசன் அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டார்.
கறியில் உப்புக் கூடினால் குளிசை.
கதவு அடித்துச் சாத்தினால், காற்றென்றாலும், குளிசை.

மகளின் பிறந்தநாள். சனம் நிறைந்த வீடு.
அவர் சேர்ட்டைத் தூக்கினார்,
வருகிற எல்லாருக்கும் காட்டுகிற தழும்பு.
"பாருங்கோ, மனுசிக்குக் குடுத்த இடம்."
கேக் வெட்டும் கத்தி என் கையில்.
"மூடுங்கோ சேர்ட்டை! கடன் பத்திரமோ அது?"
கமலாசினி அக்கா ரோல்ஸ் தட்டை நீட்டியபடியே நின்றாள்.
அவர் சிரித்துச் சமாளித்தார்:
"அவ இல்லை. குளிசை பேசுது."
எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.
மன்னிப்பும் கேட்டேன்.

நாற்பது, இருபது, பத்து.
மேல்மாடிக் கிழவர் வெறும் கிழவரானார்,
படியில் கண்டால் வணக்கம் சொல்கிறார்.
கரண்டிகள் கலந்து கிடக்கின்றன, கிடக்கட்டும்.
நேற்றிரவு ஏழு மணிநேரம் தூங்கினேன்.

இன்று காலை எட்டுமணிக் குளிசை:
ஐந்து மில்லிகிராம்.
அவர் பாண் வெட்டிக்கொண்டிருந்தார்.
"இஞ்சேருங்கோ,
உங்கட கிட்னிக்கு உயிருள்ள மட்டும் நன்றி.
ஆனால் இனி ஆருக்கும் அந்தத் தழும்பைக் காட்டாதேங்கோ."
சத்தம் போடாமல்தான் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து
மேசையிலிருந்த மருந்துப் பெட்டியைப் பார்த்தார்,
செவ்வாய் அறை காலி,
பிறகு என்னை.