நகராத புள்ளி

ஜூன் முப்பது, இரவு ஒன்பதரை.
கிசுமுவில் பாதி ஊர் என் சைபர் கடைக்குள் நிற்கிறது.
இரண்டு கணினி, ஒரு பிரிண்டர்,
அதில் நீலம் தீர்ந்து மூன்று வாரம்.
ஏரிப்பூச்சிகள் விளக்கை விட்டுவிட்டுத்
திரைக்கு வந்துவிட்டன,
எழுத்துக்கு ஒன்றாக உட்கார்ந்து
அவையும் கணக்குப் பார்க்கின்றன.

‘பூஜ்ஜியம் போடு அவூர், போதும்.
எல்லாரும் அதைத்தானே போடுகிறார்கள்’
என்றார் ஸப்லோன் ஒகாடா,
படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர்.
கையில் டீசல் வாசம், கண் வாசல் மேல்.
வெளியே பைக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

வருடம் முழுக்க எஞ்சின்தானா என்று கேட்டேன்.
இருமினார்.
நடுவில் நான்கு மாதம் நைவாஷாவில்
ரோஜாப் பண்ணையில் பம்ப் ஓட்டினேன் என்றார்,
கள்ளக் காதலை ஒப்புக்கொள்கிற குரலில்.
பர்ஸிலிருந்து எட்டாக மடித்த தாள் வந்தது:
சம்பளம், பிடித்த வரி, கம்பெனி முத்திரை.
அப்படியென்றால் பூஜ்ஜியம் பொய், ஸப்லோன்.
அந்தப் பொய்யில் நஷ்டம் உமக்காகவும் இருக்கலாம்.
இருக்கலாம் என்றுதான் சொன்னேன்.
எனக்குத் தெரியாது.

தெரியாததைத் தேடித் தருவதுதான் என் பிழைப்பு.
ஒரு வீடியோவில் கோட்டுப் போட்ட பையன்
சட்டத்தைக் கரைத்துக் குடித்தவன்போல் பேசினான்.
தேதியைப் பார்த்தேன், பல வருடப் பழசு.
இன்னொருவர் ‘என் மைத்துனருக்குக் கிடைத்தது’ என்றார்,
மைத்துனருக்கு என்ன சம்பளம் என்று சொல்லவில்லை.
மூன்றாவது பக்கம் அழகு.
கொடி, முத்திரை, பச்சைப் பொத்தான்:
உங்கள் பணம் உங்களுக்கே, ஐந்தே நிமிடத்தில்!
பின் எண் கேட்டது. சரி.
பாஸ்வேர்டும் கேட்டது.
ஸப்லோன் சொல்ல ஆரம்பித்துவிட்டார், உரக்க,
வரிசையில் பதினொரு பேர் கேட்க.

நான் முகவரியைப் பார்த்தேன்.
கடைசிப் பக்கமாய் ஒரு பூச்சி.
விரலால் தட்டினேன், பறக்கவில்லை.
சட்டைக் கையால் துடைத்தேன், நகரவில்லை.
பூச்சி இல்லை, புள்ளி.
அரசாங்கத்தின் பெயர் முடிந்த பிறகும்
முகவரி முடியவில்லை:
ஒரு புள்ளி,
அதன் பின்னால் யாரோ.

மூடினேன்.
‘ஏன் மூடினாய், நல்ல பக்கமாயிற்றே’
என்றாள் வரிசையில் பெனினா, கருவாடு விற்பவள்.
‘போன வாரம் நான் அதில்தான் போட்டேன்.’
கடையில் பிரிண்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்,
யாரோ பிடுங்க வருவதுபோல.
ஒன்பது பேரைத் தாண்டி அவளை உட்காரவைத்தேன்.
யாரும் முணுமுணுக்கவில்லை, பைக்காரன்கூட.
பாஸ்வேர்டை மாற்றினோம். புதியதை
அவளே அடித்தாள், நான் சுவரைப் பார்த்தேன்.
போனது என்ன என்று காலையில்தான் தெரியும்.

பிறகு ஸப்லோனுக்காகச் சட்டத்தையே திறந்தேன்.
சட்டம் மெதுவாகத்தான் திறக்கும்.
படம் இல்லை, பொத்தான் இல்லை,
யாரும் பல் காட்டிச் சிரிக்கவில்லை.
ஒரு பிரிவு இன்னொரு பிரிவைப் போய்ப் பார் என்றது,
அது அட்டவணைக்கு அனுப்பியது,
அட்டவணை அடிக்குறிப்புக்கு.
ஆபீஸில் மேசை மேசையாய் அலைந்தவளுக்கு
இதொன்றும் புதிதில்லை.
மூன்று முறை படித்தேன்.
நான்கு மாதச் சம்பளத்தை
பன்னிரண்டு மாதமாய் விரித்துப் பார்த்தால்
பிடித்தது கூடுதல்போலத் தெரிந்தது.
போல. அந்தச் சொல்லை நான் விடவில்லை.

பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கையில்
ரசீது எண் வந்தது.
நீலம் இல்லாத தாளில் முத்திரை
பழுப்பாக விழுந்தது.
அதையும் எட்டாக மடித்தார்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் வருகிறார்,
என்ன ஆயிற்று என்று பார்க்க.
நான் எதையும் சொடுக்குவதில்லை,
முகவரியை எழுத்தெழுத்தாய் அடிக்கிறேன்.
அவர் தோளுக்குப் பின்னால் நின்று
புள்ளிகளை எண்ணுகிறார்,
எண்ணிக்கை சரியானால்தான் மூச்சு விடுகிறார்.
பரிசீலனையில், என்கிறது திரை.
போன வாரமும் அதையேதான் சொன்னது.