முந்நூறு விநாடி

கிளாக்ஸ்விக் மீன் ஆலையில் பதினான்கு தராசுகள்.
ஒவ்வொரு சால்மனுக்கும் ஓர் எடை,
ஒவ்வொரு எடைக்கும் ஒரு கூவல்,
அத்தனையும் ஒரே கம்பியில்.
சுவருக்கு அந்தப்பக்கம் கணக்கறையில்
ஒரு பில் அச்சாகி வருவதற்குள்
மார்யுனின் காப்பி ஆடை கட்டிவிடும்.

உள்ளங்கை அளவுப் பெட்டி, இரண்டே துளை.
கேபிளை நறுக்கி நடுவில் செருகினேன்.
முதலில் அதற்கு யாரையும் தெரியாது.
வந்ததையெல்லாம் மறுபக்கம் தள்ளிற்று
வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் பையன்போல.
பேசுகிறவர் முகவரியைப் பார்த்துப் பார்த்து
இவர் இங்கே அவர் அங்கே என்று
தானாகவே குறித்துக்கொண்டது.
பிறகு, தராசு லேபிள் இயந்திரத்தோடு பேசுவது
மீன்வாடையோடு அங்கேயே நின்றது.
மார்யுன் சூடாகக் குடித்தாள்.

ஐந்து நிமிடம் வாய் திறக்காதவரை
அது மறந்துவிடும். கையேட்டில் அப்படித்தான்.

இரவு இரண்டு மணி. விடிந்தால் கப்பல்.
ஒன்பதாம் தராசு ஊமை.
அங்கே நிற்பவன் ஹோக்னி;
மார்ச்சிலிருந்து இவளும் அவனும்
பேசிக்கொள்வதில்லை. ஊருக்கே தெரியும்.
ஒன்பது எங்கே என்று திரையில் தட்டினாள்.
பெட்டிக்கு நினைவில்லை.
நினைவில்லாததால்தான்
தடுக்காமல் அந்தப்பக்கம் கூப்பிட்டது.

இருக்கிறேன். எடை பூஜ்ஜியம்.

அந்தப் பூஜ்ஜியத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள்
எழுந்து, கோட்டுகூட எடுக்காமல்
குளிரறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.
எனக்குக் கேபிள் வேலைதான், அது முடிந்தது.
ஸ்க்ரூடிரைவரைத் தேடினேன்.
பச்சை விளக்கு சிமிட்டியது, எதற்கோ.