உருகியது: இரண்டு கிலோ

கப்பல் இஞ்சினுக்கு எண்ணெய் போடும் தம்பி
ரீகாவிலிருந்து கொண்டுவந்தான்
ஒரு தீப்பெட்டி நிறைய பிர்ச் விதை.
"வெள்ளை மரம்க்கா. பட்டை காகிதமா உரியும்."
திறந்ததும் தும்மினேன்.
பாதி, காசிமேட்டுக் காற்றோடு போயிற்று.

மீதியை ஈரமணலில் பிசைந்து
நான் கணக்கெழுதும் ஐஸ் பாக்டரியில்
உப்புநீர்த் தொட்டியின் ஓரப் பலகையில் வைத்தேன்.
நாற்பது நாள் குளிரணும்.
இல்லாவிட்டால்
குளிர்காலம் முடிந்ததென்று விதைக்குத் தெரியாதாம்.
மெஷின் ஓட்டும் பர்னபாஸ் சிரித்தார்:
"இங்க குளிர்காலம் கிடைக்கும்மா,
கிலோ மூணு ரூபா."

மண்ணால் மூடாமல்
வெளிச்சம் பட விட்டேன்.
பதினொன்று முளைத்தது.
பூனை படுத்ததில் இரண்டு,
புயல் மழையில் ஏழு,
ஒன்று ஏன் என்றே தெரியவில்லை.
மிஞ்சியது நீல டிரம்மில்
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நிற்கிறது.

ஆழம் போகாத வேர்.
தேங்காய் நாரை உப்புப் போகக் கழுவி
அடியில் பரப்பினேன்.
லாரித் தண்ணியில் முதல் குடம் அதற்கு.
கீழ்வீட்டு சுலோச்சனா
இரண்டு வாரம் பேசவில்லை.

தினம் காலையில் இலை துடைக்கணும்.
எண்ணூர்ச் சாம்பலா, ஹார்பர் கரியா,
துணியைப் பார்த்தால் பிரித்துச் சொல்ல முடியாது.

தை மாதம் ஒரு கிளையை வெட்டினேன்.
வெட்டக்கூடாத நேரம்.
இரவெல்லாம் சொட்டியது.
குற்ற உணர்ச்சியோடு விரலால் தொட்டு நக்கினேன்.
இனிப்பு என்று சொல்ல மாட்டேன்.
எங்கள் பைப்புத் தண்ணியைவிட
உப்புக் கம்மி.

கத்திரியில் ஓரம் ஓரமாகக் கருகியது.
சாயங்காலம் தூக்குவாளியில்
உடைந்த ஐஸ் எடுத்துப் போய்
நாரின் மேல் கொட்டுவேன்,
தண்டில் படாமல்.
கணக்குப் புத்தகத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது:
உருகியது, இரண்டு கிலோ.
பொய்யில்லை.

நாலு வருஷம்.
தண்டு இன்னும் பழுப்பு,
முருங்கைக் குச்சி என்றால் நம்புவார்கள்.
போன கார்த்திகையில் தம்பி வீடியோவில் கேட்டான்:
"வெளுத்துச்சாக்கா?"
போனைத் திருப்பிக் காட்டினேன்.
அவன் முதுகுக்குப் பின்னால்
நிஜமான வெள்ளை மரங்கள்,
சுண்ணாம்பு அடித்த விளக்குமாறுகள் மாதிரி.
"இங்க எல்லாம் கொட்டிடுச்சு" என்றான்.

இரு, எண்ணிச் சொல்றேன்.
ஒன்பது.
ஒன்பதாவதில் ஓட்டை.