ஒன்பது மில்லிமீற்றர்

கிருமி குலேந்திரனுடையது.
பொய்க்கால் உரசும் இடத்தில்
இரண்டு மாரியாய் ஆறாத புண்.
மாங்குளம் ஆஸ்பத்திரியில் பஞ்சுக்குச்சியால் ஒற்றி,
ஐஸ் பெட்டியில் வந்து
என் ஏகார்த் தட்டில் குடியேறியது.

இலையும் அவருடையதுதான்.
மண்டையோட்டுப் பலகை கழற்றிய காணியில் பறித்த நொச்சி.
"ஒருத்தரும் கால் வைக்காத இடம்,
அதுதான் இப்பிடிச் செழிச்சு நிக்குது."

ஐந்து கிலோவை வடித்தேன்.
சோதனைக்குழாயில் பாதிகூட நிறையவில்லை.
கிளிநொச்சியில் அன்றிரவு மூன்று தரம் கரண்ட் போனது.

விடிய, அடிமட்டத்தைத் தட்டின்மேல் வைத்தேன்.
ஒன்றும் முளைக்காத தெளிந்த வட்டம்
ஒன்பது மில்லிமீற்றர்.
மருந்து ஊறிய வட்டத்தாளே ஆறு.
பக்கத்தில் ஜென்ராமைசின்: இருபத்திரண்டு.

வாசலில் ஓட்டோ.
"என்ர கிருமி எப்பிடி இருக்கு, பிள்ளை?"
"உயிரோட இருக்கு அண்ணை.
கொஞ்சம் தள்ளி நிக்குது."
"எவ்வளவு தூரம்?"
விரலிடுக்கில் காட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை.
"வெடி கிண்டின பிள்ளையளும்
ஒரு நாளைக்கு ஒரு பாயளவுதான் எடுத்ததுகள்."

ஊசிமருந்தின் பெயரை எழுதிக்கொடுத்தேன்,
டொக்டரிட்டக் காட்டச் சொல்லி.
வாங்கி மடித்து, பொக்கற்றில் வைத்தார்.

பின்சீற்றில்
இன்னொரு உரப்பை நொச்சி இருந்தது.