மூன்றாம் குறுக்கு

ஐந்து ஞாயிறு பெட்ரோல் எரித்து
ஒன்பது வளவு பார்த்தோம்.
மோட்டார் சைக்கிளில் துஷ்யந்தன், பின்னால் நான்,
நடுவில் நசுங்கியபடி கிருத்திகா.

கல்லடியில் கடற்காற்று நல்லது.
பேர்ச் விலையைக் கேட்டதும்
காற்றை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

நாவற்குடாவில் வீடே முடிந்திருந்தது.
மாபிள் தரை, மூன்று அறை.
ஆனால் அந்த ஒழுங்கையில் ஒரு பிள்ளையின் சத்தம் இல்லை.
ஆட்கள் கனடாவில்,
கேற்றுகள் மட்டும் ஊரில்.
இவள் யாரோடு கெந்தி விளையாடுவாள்?

வாவிக்கரையில் ஒன்று, கண்ணை எடுக்க முடியவில்லை.
அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு, என் இரவு வேலைக்கு,
பஸ் இல்லை.
தெருவிளக்கு இரண்டு எரிகிறது, ஐந்து எரியவில்லை.
எண்ணிக்கொண்டு வந்தேன்.

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான்.
அம்மாவின் வீடு அக்காவுக்குப் போனது.
எனக்கென்று கிடந்த காணி
தம்பியின் விமானச் சீட்டானது.
யாரும் யாரையும் பிழை சொல்வதில்லை.
பதினொரு வருடமாய்
ஆணி அடிக்கலாமா என்று
இன்னொருவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

பத்தாவதாய்ப் புரோக்கர் கோணேசமூர்த்தி காட்டியது
மூன்றாம் குறுக்கு.
பத்துப் பேர்ச், உறுதி சுத்தம்,
ஒரு மாமரம், கட்டிய கிணறு.
"வெள்ளமா? இந்த வளவுக்குள்ள
ஒரு சொட்டுத் தண்ணி நிண்டதில்ல" என்றார்.
அது ஆடி மாதம்.
கிணற்றுக்குள்ளேயே தண்ணீரைத் தேட வேண்டியிருந்தது.

வேலிக்கு அப்பால் தையல் மெஷின் ஓய்ந்தது.
கழுத்தில் அளவுநாடாவோடு ஒருத்தி வந்தாள்,
விமலேஸ்வரி, என் வயதுதான்.
புரோக்கரைப் பார்க்காமல் என்னிடம்,
"உள்ள வாங்க, ஒண்டு காட்டணும்."

நிலைக்காலில் பென்சில் கோடுகள்.
அவள் மகன் வருடாவருடம் உயர்ந்த கணக்கு.
ஒரு கோடு மட்டும் சிவப்பு.
"இது யாரு?" என்றாள் கிருத்திகா.
"அது தண்ணி."

என் மகள் போய் அதன் பக்கத்தில் நின்றாள்.
இடுப்புக்கு வந்தது.

"கள்ளர் இல்ல. சண்டை சச்சரவு இல்ல.
நடுச்சாமத்தில கூப்பிட்டாலும் நாலு பேர் ஓடி வருவாங்க.
தண்ணிதான்.
மார்கழியில ஒருக்கா வந்து பாருங்க,
மறுகா முடிவெடுங்க."

வெளியே கோணேசமூர்த்தி
ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"விடு, அடுத்ததைப் பாப்பம்" என்றான் துஷ்யந்தன்.
போன இடமெல்லாம் தண்ணீர் வராது என்றார்கள்.
வரும் என்று சொன்ன ஒருத்தி
அது வருகிற இடத்தில் இருக்கிறாள்.
இதை எந்தப் பக்கத்துக் கணக்கில் எழுதுவது?

இரவு அவனாகவே தொடங்கினான்.
"கிறவல் போட்டு நாலடி உயர்த்தலாம். இருபது லோட்."
"அப்ப அந்தத் தண்ணி?"
"எந்தத் தண்ணி?"
"எங்கட வளவில நிக்க வேண்டியது."
விளக்கை அணைக்க மறந்து
வாடகைக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம்.
அவள் நிலைக்காலில் இன்னொரு சிவப்புக் கோடு,
முந்தியதற்கு மேலே,
எங்கள் கையெழுத்தில்.

மார்கழியில் போனோம், மழை விட்ட மறுநாள்.
சைக்கிளைப் பெரிய றோட்டில் விட்டு
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம்.
கான் எது, ஒழுங்கை எது என்று தெரியவில்லை.
மூன்று பையன்கள் வாழைத்தண்டில் மிதந்தார்கள்.
விமலேஸ்வரி கட்டில்மேல் மெஷினை ஏற்றி,
கரண்ட் இல்லை,
கையால் சுற்றித் தைத்துக்கொண்டிருந்தாள்.
தைமாதப் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சட்டைகள்.
"வருவீங்க எண்டு நினைக்கல்ல" என்றாள்.

துஷ்யந்தன் மாமரத்தடியில் தடி ஊன்றி அளந்தான்.
"தூண் வச்சுக் கட்டினா?" என்று கேட்டேன்,
"கீழால அது போகுமா?"
அவள் நூலைப் பல்லால் கடித்தாள்.
"போகும். ஆனா ஆறு தூண் காணாது. ஒன்பது வேணும்."
ஒன்பது தூணுக்கு எங்களிடம் காசு இல்லை.
அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

முற்றத்துத் தண்ணீரில் கிருத்திகா
தன்னைத்தானே அளந்துகொண்டு நின்றாள்.
"கிருமி, ஏறு" என்று கத்தினேன்.
"அம்மா, போனமுறை இடுப்பு,
இண்டைக்கு முழங்கால்" என்றாள்.
"நான் வளந்திட்டன்."