ஏணி என்றொரு ஆணி

வேலைகளைக் கிழமைவாரியாக எழுதி
நாற்பத்தாறு வயதுவரை ஏமாந்தேன்.
சிலோயே தீவில் செவ்வாய்க்கிழமை என்று ஒன்று கிடையாது.
மழை உண்டு.
மழை மூச்சுவாங்க நிற்கும் ஒரு மணி நேரம் உண்டு.
அதற்குள் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு.

எனவே விறகடுப்புக்கு மேலே, பலகையில்,
கோணல்மாணலாக ஆணிகள் அடித்தேன்.
ஆணிக்கொரு நிபந்தனை.

வற்றம்:
படகின் அடிவயிற்றில் ஒட்டிய சிப்பியைச் சுரண்ட,
ஒதுங்கிய கடற்பாசியை உருளைப்பாத்திக்கு வார,
மார்ச்சில் தொலைந்த நங்கூரத்தை
நம்பிக்கையில்லாமல் இன்னொருமுறை தேட.

சிக்னல்:
கோயில் மேட்டில், கல்லறைகளுக்கு இடப்புறம் நின்றால்
இரண்டு கோடு காட்டும்.
மின்கட்டணம். பல் டாக்டர்.
புந்தா அரேனாஸில் இருக்கும் மகனிடம்
"ஒன்றுமில்லை, சும்மாதான்" என்று சொல்ல.

உடம்பு ஓய்ந்த இரவுக்கும் ஓர் ஆணி:
பொத்தான் தைக்க, கம்பளி நூலில் சிக்கெடுக்க.

வெயில் என்ற ஆணியில் தாள் மஞ்சளாகிவிட்டது.

எல்லாவற்றிலும் கனத்தது ஏணி.
புகைபோக்கிக் கரி. மழைத்தாரையில் முளைத்த செடி.
வடக்குச் சுவரில் கழன்ற மரச்சில்லுகள் பத்தொன்பது.
தாள்மேல் தாள் குத்தி ஆணியே வளைந்துவிட்டது.
ஏணி இருப்பது ருபெர்த்தோ வீட்டில்.
ருபெர்த்தோவின் பன்றி
என் உருளைப்பாத்தியை உழுதுவிட்டுப் போனது
இரண்டு குளிர்காலத்துக்கு முன்.
அதற்குப்பின் எங்களுக்குள் தலையசைப்புகூட இல்லை.

நேற்று அடுப்பு புகையை உள்ளே துப்பியது.
கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுதினேன்:
ஏணியைத் திருப்பிக் கேட்க.

எதில் மாட்டுவது?
இதற்கு வற்றம் வேண்டாம், சிக்னல் வேண்டாம்,
மழை பெய்தால் பெய்யட்டும்.
வேண்டிய கருவி இரண்டு கால், ஒரு வாய்.
பலகையை மேலும் கீழும் பார்த்தேன்.
இடம் கிடைக்காத தாளைக் கையில் பிடித்தபடியே
வேலியைத் தாண்டினேன்.

கதவைத் திறந்தவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
கொட்டகைப் பக்கம் தாடையை நீட்டினான்.

ஆறு மீட்டர் நீளம். ஊறிய மரம்.
ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை சேற்றில் கோடு போட்டது.
பத்துப் பன்னிரண்டு எட்டு இழுத்திருப்பேன்.
பின்னால் பாரம் சட்டெனக் குறைந்தது.

நான் திரும்பவில்லை. அவனும் பேசவில்லை.
படலருகே வந்தபோது மட்டும்,
"அந்தப் பன்றியை ஈஸ்டருக்கே அறுத்தாயிற்று, எதெல்வினா" என்றான்.
"எந்தப் பன்றி?" என்றேன்.

ஏணியின் காலை அவன் மிதித்துக்கொள்ள, ஏறினேன்.
புகைபோக்கிக்குள் கைவிட்டு எடுத்தது
கரி, ஒரு பறவைக்கூடு,
எப்படி வந்ததோ தெரியாத ஓர் ஒற்றைக் கையுறை.

மேலிருந்து அவன் வீடு தெரிந்தது.
கூரையில் பாதியை மறைத்து
தரையிலிருந்தே கயிறெறிந்து இழுத்துக் கட்டிய
நீலத் தார்பாய்.
காற்றுக்கு ஒரு மூலை எழுந்து எழுந்து அடித்தது.
ஏணி இரண்டு வருஷமாக அவனிடம்தான் இருந்தது.

"பிடித்திருக்கிறாயா?"
"பிடித்திருக்கிறேன், நீ வேலையைப் பார்."

முதல் துளி கழுத்தில் விழுந்தது.
இறங்க வேண்டும்.
இன்னோர் ஆணி அடிக்க வேண்டும்.
சுத்தியலை
யாருக்குக் கொடுத்தேன்?